கேட்காமல் வைத்த ஒப்புட்டு

என் மகனுக்குப் பெண் கொடுத்து, என் வீட்டுப் பந்தியில் என் கையால் உண்டு, என்னிடம் ஒரு நாளும் முகம் சுளித்துப் பேசாத சம்பந்திக்கு,

பெருமாட்டியிலிருந்து எழுதுகிறேன். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கத்தான் வாய் வருகிறது. பழக்க தோஷம். நீங்கள் போய்ச் சேர்ந்து சில வருசம் ஆகிவிட்டது, இன்னும் உங்களிடம் நலம் விசாரிக்கிறேன் பாருங்கள்.

உங்கள் திதி வருகிறது. கொழிஞ்சாம்பாறையில் உங்கள் வீட்டில் சொந்தபந்தம் ஒறம்பரை எல்லாம் கூடியிருக்கும்போது, பந்திக்கு இலை போடுவதற்கு முன்னால், இந்தக் கடிதத்தைச் சத்தமாக வாசிக்கும்படி உங்கள் மகள் மயிலாத்தாளிடம் சொல்லியிருக்கிறேன். "எதுக்குங்க மாமா, வேண்டாமுங்க" என்றாள். நான்தான் விடவில்லை. உங்களிடம் மட்டும் சொல்வதென்றால் தென்னந்தோப்பில் தனியாக உட்கார்ந்து சொல்லிவிட்டு வந்திருப்பேன். நான் செய்தது நாலு பேர் முன்னால் செய்தது. அதனால் நாலு பேர் கேட்கத்தான் வேண்டும்.

முதலில் வீட்டுச் சேதி. உங்கள் பேத்தி நடக்கிறாள், ஓடுகிறாள், என் தலையில் ஏறி உட்காருகிறாள். மூக்கு அப்படியே உங்கள் மூக்கு. நீங்கள் இருந்தபோது நாம் திரு-கொச்சிக்காரர்கள். இப்போது கேரளம் என்று ஆகிவிட்டது. சித்தூர் தாலுக்கா ஆபீசில் போய் விண்ணப்பம் என்றால் முழிக்கிறார்கள், 'அபேட்சை' என்றால்தான் கையை நீட்டி வாங்குகிறார்கள். மற்றபடி வாய்க்கால், வரப்பு, வெயில் எல்லாம் நீங்கள் விட்டுப் போனபடியேதான் இருக்கின்றன.

அடுத்த சேதி என்னைப் பற்றியது. எனக்கும் வயிற்றில் புற்று, சம்பந்தி.

போன கோடையில் தொடங்கியது. என் வயிறு எப்பேர்ப்பட்ட வயிறு என்று உங்களுக்குத் தெரியும். மற்றவர்கள் கை கழுவிக்கொண்டிருக்கும்போது நான் அடுத்த சோற்றில் ரசத்துக்குக் குழி பறிக்கிற ஆள். அந்த எனக்கு ரெண்டு வாய் உண்டதும் கழுத்து வரைக்கும் நிறைந்தது மாதிரி ஆனது. வைத்தியர் சூடு என்று சொல்லி லேகியம் கொடுத்தார். வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. கோயமுத்தூரில் வெள்ளையாகக் கஞ்சி மாதிரி ஒன்றைக் குடிக்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள். படத்தைப் பார்த்த டாக்டர் என்னிடம் பேசவில்லை, என் மகனைத் தனியாகக் கூப்பிட்டார். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

ஒலவக்கோட்டில் ரயிலேறி மெட்ராஸ் போனோம். ஊரில் என் வீட்டுக்காரி நாச்சாத்தாள் "கேஸ் விசயமா கோர்ட்டுக்குப் போயிருக்காரு" என்று சொல்லிவைத்தாள். எனக்கும் அது சரியாகவே பட்டது. நோயின் பெயரைச் சொல்லிவிட்டால் சரசுவை யார் கட்டுவார்கள்? சரசு என் கடைக்குட்டி. நீங்கள் பார்க்கும்போது பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கன்றுக்குட்டியோடு ஓடிக்கொண்டிருந்தவள், இப்போது கல்யாண வயதில் நிற்கிறாள்.

மெட்ராஸ் டாக்டர் ஒற்றப்பாலத்துக்காரர். இளம் வயசு. தமிழும் மலையாளமும் கலந்து பேசினார். "பேடிக்க வேண்டாம், பயப்படாதீங்க, உள்ளதைச் சொல்லலாம்" என்று கட்டிலில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். இந்தப் பக்கத்து ஆளென்று தெரிந்ததும் எனக்குத் தைரியம் வந்து, கேள்வி மேல் கேள்வி கேட்டேன்.

கட்டி பிடித்த பாகத்தை அறுத்து எடுத்துவிட்டு, மிச்ச வயிற்றைக் குடலோடு சேர்த்துத் தைத்துவிடுவார்களாம். அதோடு முடியாதாம். கண்ணுக்குத் தெரியாத விதை அங்கங்கே சிந்திக் கிடக்கலாமாம். அதற்குத்தான் புது மருந்து.

"வாயில குடுப்பீங்களா டாக்டர்?"

"வாயில கொடுத்துப் பிரயோஜனம் இல்லை. தையல் போடுறதுக்கு முன்னாடி வயித்துக்குள்ளேயே ஊத்திடுவோம். பின்னே கை நரம்பு வழியா ஊசி. வெளிநாட்டுல இன்னும் ஒரு படி மேலே போயி, கட்டிக்கு ரத்தம் கொண்டு போற குழாயிலேயே சின்ன டியூப் விட்டு, மருந்தை நேரே அங்கேயே இறக்கிப் பாக்கிறாங்க. இவிடே அது இன்னும் வரலை."

எனக்கு அது சட்டென்று புரிந்தது. ஊருக்கெல்லாம் பெய்கிற மழை ஒன்று, மடையைத் திறந்து வேண்டிய பாத்திக்கு மட்டும் விடுகிற தண்ணீர் ஒன்று. "இத்தனை சூதானம் எதுக்குங்க, அவ்வளவு பொல்லாத மருந்தா?" என்று கேட்டேன்.

"விஷம்தான். யுத்தத்துல ஆளைக் கொல்ல ஒரு புகை வெச்சிருந்தாங்களே, அதோட பங்காளி."

"அப்ப என்னையுங் கொல்லுமாக்கும்?"

"கொஞ்சம்" என்றார். சிரிக்கவில்லை. "ரத்தத்துல வெள்ளை அணு குறையும். ஒவ்வொரு தடவையும் விரல்ல குத்திப் பாத்திட்டுத்தான் அடுத்த ஊசி. குறைஞ்சிருந்தா நிறுத்திடுவோம்."

"கொணமாயிருமுங்களா?"

"தெரியாது. மருந்து புதுசு. தெரியும்னு சொன்னா அது பொய்."

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. இத்தனை தூரம் ரயிலேறி வந்தது தெரியாது என்று கேட்டுக்கொண்டு போகவா? என் மகன் என் கையை அழுத்திப் பிடித்தான். டாக்டர் எழுந்து போகாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். கோபம் இறங்கிய பிறகு பார்த்தால், அந்த ஆசுபத்திரியில் எனக்கு நம்பிக்கை வந்ததே அந்தத் 'தெரியாது' என்ற சொல்லால்தான். அறுக்கச் சம்மதித்தேன். அறுத்தார்கள், ஊற்றினார்கள், தைத்தார்கள். ஊசி ஏறிய நாளெல்லாம் குமட்டலில் பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. கண்ணை மூடினால் கண்ணுக்குள் கொள்ளு ரசம் வந்து நின்றது. ஒரு வழியாக ஊர் வந்து சேர்ந்தேன்.

ஆசுபத்திரியை விட்டுக் கிளம்பும்போது டாக்டர் சொல்லி அனுப்பினார். ஒரே தடவையில் நிறைய உண்ணக் கூடாது, சிறுகச் சிறுகப் பல தடவை உண்ண வேண்டும், இனிப்புக் கூடாது, உண்ணும்போது தண்ணீர் குடிக்கக் கூடாது. நான் எங்கே கேட்டேன்? என் நாக்கு என் பேச்சை என்றைக்குக் கேட்டிருக்கிறது? ஆடி நோம்பிக்கு நாச்சாத்தாள் ஒப்புட்டு சுட்டாள். கடலைப்பருப்பும் வெல்லமும் ஏலமும் நெய்யும். வாசனையில் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அடுப்படியில் ஆளில்லாத நேரம் பார்த்து, நெய்யை ஊற்றிச் சுருட்டி வாயில் போட்டேன். ஒன்றோடு நிற்கவில்லை.

கொஞ்ச நேரந்தான். உடம்பெல்லாம் வேர்த்து ஊற்றியது. நெஞ்சு தடதடவென்று அடித்தது. கண் இருட்டியது. கை நடுக்கத்தில் நெய்க் கிண்ணம் கீழே விழுந்து உருண்டது. செத்தேன் என்றே நினைத்தேன்.

சத்தம் கேட்டு உங்கள் மகள் ஓடி வந்தாள். கூச்சல் போடவில்லை, சம்பந்தி. என்னைத் தாங்கிப் பிடித்து அங்கேயே தரையில் நீட்டிப் படுக்க வைத்தாள். நான் தண்ணீர் தண்ணீர் என்று கேட்டேன், கொடுக்கவில்லை. "இப்பக் குடிக்கப்படாதுங்க மாமா, சித்தெ அசையாமப் படுத்திருங்க, தானா எறங்கிரும்" என்று சொல்லி முந்தானையால் விசிறினாள். அவள் சொன்ன மாதிரியே இறங்கியது.

எழுந்து உட்கார்ந்ததும் கேட்டேன். "ஏன் அம்மிணி, டாக்டர் சொன்னப்ப நீ அங்க இல்லையே. உனக்கு எப்படித் தெரியும்?"

அவள் கீழே கிடந்த கிண்ணத்தை எடுத்துத் துடைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "எங்கய்யனுக்கும் இப்படித்தானுங்க மாமா வரும்" என்றாள்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. உங்களுக்கு எதற்கு இப்படி வர வேண்டும்? நீங்கள் மஞ்சக்காமாலையில் போனதாக அல்லவா எங்களுக்குச் சொன்னார்கள்? அதற்கு நான் ஊரெல்லாம் காரணம் வேறு சொல்லித் திரிந்தேனே, மூணாற்றுத் தண்ணீர் சேரவில்லை என்று.

உட்கார்ந்தபடியே முழுசாகச் சொன்னாள். கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்த அந்த மழைக்காலத்தில் நீங்கள் மூணாறு எஸ்டேட்டுக்கு அரிசி வியாபாரமாகப் போனதும், மண் சரிந்து பாதை அடைத்ததும், மலைக்காய்ச்சலில் படுத்ததும் எல்லாம் பொய். நீங்கள் மலையேறவே இல்லை. ஆசுபத்திரியில் வயிற்றை அறுத்துப் படுத்திருந்தீர்கள். இதே புற்று. இதே வயிறு. உங்கள் காலத்தில் அறுத்துத் தைத்து அனுப்புவதோடு சரி. ஊற்றுகிற மருந்தும் இல்லை, நரம்பில் ஏற்றுகிற மருந்தும் இல்லை. இருந்திருந்தால் நீங்கள் இன்றைக்கு இருந்திருப்பீர்களா? அந்தக் கேள்விக்கும் டாக்டர் தெரியாது என்றுதான் சொல்வார்.

"ஏன் அம்மிணி எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லலை?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. பதில் எனக்கே தெரியும்.

அந்தச் சந்தை நாள் உங்களுக்கு நினைவிருக்கும். மறந்திருக்க மாட்டீர்கள். மலையிலிருந்து இறங்கியதாகச் சொல்லிக்கொண்டு முதன்முதலாக வெளியே வந்திருந்தீர்கள். பாதி ஆளாக நின்றீர்கள். நான் என்ன சொன்னேன்? "ஏனுங்க சம்பந்தி, மலையட்டை குடிச்சது போக மிச்சத்தைத்தான் ஊட்டுக்குக் கொண்டாந்தீங்களா?" என்று சத்தமாகக் கேட்டேன். மாட்டுக்காரர்கள் எல்லாம் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள்.

அத்தோடு நிறுத்தினேனா? பக்கத்து ஊரில் ஒரு அம்மாள் புற்று வந்து இறந்திருந்தாள். அவள் மகளுக்கு மாப்பிள்ளை தேடுகிறார்கள் என்று யாரோ பேச்செடுத்தார்கள். நான் மீசையைத் தடவிக்கொண்டு, "புத்து வந்த ஊட்ல போயி எவனாச்சும் பொண்ணெடுப்பானா? நாளைக்கு நம்மூட்டுக்கும் வராதா?" என்றேன். பெரிய விசயம் தெரிந்தவன் மாதிரி. நீங்கள் என் பக்கத்தில் ஒரு கிடாரியின் தலைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். உங்கள் சட்டைக்குள் தையல் காயம் ஆறியும் ஆறாமலும் இருந்திருக்கும். அன்றைக்கு வீட்டுக்குப் போய் நீங்கள் என்ன சொன்னீர்கள்? உங்கள் வீட்டம்மா அழுதாரா? மயிலாத்தாள் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாளா? அதையெல்லாம் நான் அவளிடம் கேட்கவில்லை. கேட்க முகம் இல்லை.

பிறகு நிச்சயத்துக்கு உப்புச்சக்கரை மாற்றுகிற நாள் வந்தது. எங்கள் வீட்டு வழக்கம் உங்களுக்குத் தெரியும், வாசிக்கும்போது கேட்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். சம்மதம் உறுதியான பிறகு நடக்கும் பந்தியில், பெண்ணைப் பெற்றவருக்கு மாப்பிள்ளையின் அப்பன்தான் தன் கையால் ஒப்புட்டு வைத்து நெய் ஊற்ற வேண்டும். அவர் இலையை மூடுகிற வரைக்கும் வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அவரும் சீக்கிரம் மூடிவிடக் கூடாது. மூடினால், பெண் கொடுக்க மனசில்லை போலிருக்கிறது என்று பந்தியிலேயே பேச்சுக் கிளம்பிவிடும்.

எனக்கு இந்த வழக்கத்தில் அப்படியொரு பெருமை. விருந்து வைக்கிறதில் என்னை அடிக்க இந்தப் பக்கம் ஆளில்லை என்று ஒரு ஜம்பம். வைத்தேன், வைத்தேன், வைத்துக்கொண்டே இருந்தேன். எத்தனை வைத்தேன் என்று எனக்கே தெரியாது. நெய்யை இலையில் ஓட விட்டேன். நீங்கள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் உண்டீர்கள். உங்கள் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. நெற்றியிலிருந்து வேர்வை இலையில் சொட்டியது. கை நடுங்கியது. என்ன வேர்வை, என்ன நடுக்கம் என்று இப்போது எனக்குத் தெரியும். என் அடுப்படித் தரையில் படுத்துத் தெரிந்துகொண்டேன்.

அன்றைக்கு நான் என்ன செய்தேன்? தட்டைப் பிடித்துக்கொண்டு பந்தியைப் பார்த்து, "என்ற சம்பந்தி ஒப்புட்டோட மல்லுக்கட்டறாரு பாருங்க!" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள், சம்பந்தி. வாயில் ஒப்புட்டை வைத்துக்கொண்டு சிரித்தீர்கள். கை கழுவிவிட்டு மாட்டுச்சாளைக்குப் பின்னால் போனீர்கள். ரொம்ப நேரம் காணவில்லை. வெற்றிலை போடப் போயிருக்கிறார் என்று நினைத்தேன்.

திரும்பிப் போகும்போது வண்டியில் வைக்கோல் மேல் சுருண்டு படுத்துக்கொண்டு போனீர்களாம். வீட்டில் இறங்கியதும் மயிலாத்தாள் பயந்துபோய்க் கேட்டிருக்கிறாள். நீங்கள், "நல்லா உண்டேன் சாமி. உன்ற மாமனாரு நல்ல மனுசன், நீ அங்க நல்லா இருப்பே" என்றீர்களாம்.

இதைச் சொல்லும்போதுதான் உங்கள் மகள் அழுதாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவள் என் வீட்டுக்கு வந்து இத்தனை வருசம், என் பந்தி ஜம்பத்தையெல்லாம் கேட்டுக்கொண்டு, எனக்குச் சோறு போட்டிருக்கிறாள். ஒரு நாள்கூட முகத்தில் காட்டவில்லை.

அடுத்த ஊசிக்கு மெட்ராஸ் போனபோது டாக்டரிடம் கேட்டேன், என் ஒப்புட்டுத்தான் என் சம்பந்தியைக் கொன்றதா என்று. "இல்லை, நோய் திரும்ப வந்திருக்கும், அதுதான் காரணம். பட்சே அன்னைக்கு ரொம்ப வேதனைப்பட்டிருப்பார்" என்றார். நீங்கள் சாகக் காரணம் நான் இல்லை என்று கேட்டு எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவர் பாஷையில் 'ஆனால்' என்கிற அந்தப் 'பட்சே'யைத்தான் இன்னும் சுமந்துகொண்டு திரிகிறேன்.

இப்போது சரசு சேதிக்கு வருகிறேன். வேலந்தாவளத்தில் ஒரு நல்ல இடம் அமைந்தது. பையன் தங்கமானவன். சம்மதம் பேசி முடித்து, போன வாரம் உப்புச்சக்கரை மாற்ற நாங்கள் அவர்கள் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. இந்தத் தடவை பெண்ணைப் பெற்றவன் நான். அவர்கள் வீட்டிலும் இதே ஒப்புட்டு வழக்கம். விதியைப் பார்த்தீர்களா? நீங்கள் உட்கார்ந்த இடத்தில் என்னைக் கொண்டுபோய் உட்கார வைக்கிறது.

நாச்சாத்தாள் முந்தின நாளே பிடித்துக்கொண்டாள். "ஏனுங்க, உங்க வயித்து நாயத்தையெல்லாம் அங்க வந்து எடுத்துறாதீங்க. சரசு கழுத்துல ஒரு கயிறு ஏறட்டும், பொறவு ஊருக்கே தமுக்கு அடிங்க. நாளைக்கு ஒரு நாள் பல்லைக் கடிச்சுட்டு உண்டுருங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"பல்லைக் கடிச்சா எப்படியாத்தா உண்றது?" என்றேன். அவள் சிரிக்கவில்லை. அவளைக் குறை சொல்ல மாட்டேன். அவள் பயம் நான் சந்தையில் விதைத்த பயந்தான், சுற்றிக்கொண்டு என் வீட்டுக்கே வந்திருக்கிறது.

மயிலாத்தாள் கதவோரம் நின்றாள். "நீ என்ன அம்மிணி சொல்றே?" என்று கேட்டேன்.

"நான் என்னங்க மாமா சொல்றது. எங்கய்யன் எனக்காக உண்டாரு. அது எனக்குத் தெரிஞ்ச நாள்ல இருந்து ஒப்புட்டு என்ற தொண்டையில எறங்கறதில்லைங்க. சரசுக்கும் ஒரு நாள் தெரியுமுங்க." அவ்வளவு சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நான் பெரிய வீரனாக முடிவு பண்ணிக்கொண்டு போனேன் என்று நினைத்துவிடாதீர்கள். வாடகைக் காரில் போகும்போதும் முடிவில்லை. இலையில் உட்காரும்போதும் முடிவில்லை. மாப்பிள்ளையின் அப்பன் என்னைப் போலவே பெரிய குரல்காரர். பித்தளைத் தாம்பாளத்தில் ஒப்புட்டு அடுக்கிக்கொண்டு, நெய்க் கிண்ணத்தோடு வந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் ஒன்றை வைத்து நெய்யை ஊற்றிவிட்டார். பந்தி முழுக்க என் கையைப் பார்த்தது. உண்டுவிடலாம் என்றுதான் என் கை போனது, சம்பந்தி. சத்தியமாகச் சொல்கிறேன். தொட்டும்விட்டேன்.

அப்போது உங்கள் சிரிப்பு நினைவுக்கு வந்தது. கையை எடுத்து இலைக்கு மேல் விரித்து மறைத்தேன்.

"கோவிச்சுக்காதீங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி உரக்கச் சொன்னேன். "பொண்ணு குடுக்க மனசில்லாம இல்லீங்க. எனக்கு வயித்துல புத்து வந்துச்சு. மெட்ராஸ்ல போயி பாதிக்கு மேல அறுத்துப் போட்டாச்சு. இன்னும் ஊசி ஓடிட்டு இருக்குது. இதை உண்டா இங்கயே சாஞ்சுருவேனுங்க."

பந்தி அப்படியே நின்றுபோனது. எதிர் வரிசையில் ஒரு பெரியவர் இலையைத் தள்ளிவிட்டு எழுந்தார். உள்ளேயிருந்து ஒரு பெண் குரல், "ஒட்டுவாரொட்டியா இருக்குமோ?" என்றது. நாச்சாத்தாள் முகத்தில் ஈயாடவில்லை. சொல்ல ஆரம்பித்தவன் நிறுத்தவில்லை, உங்களைப் பற்றியும் சொல்லிவிட்டேன். என் சம்பந்திக்கும் இதேதான் வந்தது, என் வாய்க்குப் பயந்து மறைத்துக்கொண்டு நான் வைத்ததையெல்லாம் உண்டார், நான் பந்தியை அவரைப் பார்த்துச் சிரிக்க வைத்தேன் என்று. சொல்லி முடித்ததும் எல்லோர் முன்னாலும் வெறும் கோவணத்தோடு நிற்கிறது மாதிரி இருந்தது.

மாப்பிள்ளையின் அப்பன் நெய்க் கிண்ணத்தைத் தாம்பாளத்தில் வைத்தார். தாம்பாளத்தோடு உள்ளே போய்விட்டார். போச்சு, சரசு கல்யாணம் போச்சு என்று நினைத்தேன்.

திரும்பி வந்தார். கையில் தாம்பாளம் இல்லை, ஒரு சின்ன வெறும் கிண்ணம் மட்டும் இருந்தது. அத்தனை பெரிய ஆள் என் இலைக்கு முன்னால் குத்துக்கால் வைத்து உட்கார்ந்தார். நெய்யில் ஊறிக் கிடந்த ஒப்புட்டைத் தன் கையால் எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, பந்திக்குக் கேட்காத குரலில், "எவ்வளவு உண்பீங்க? என்ன உண்பீங்க? சொல்லுங்க" என்றார்.

நான் அழுதேன், சம்பந்தி. பந்தியில் உட்கார்ந்து, மீசை நனைய, சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன். அவர் நன்றியில் அழுகிறேன் என்று நினைத்துத் தோளைத் தட்டினார். அது நன்றி இல்லை. வெட்கம். இவ்வளவு சின்னக் கேள்வி! என் வாயிலிருந்து அன்றைக்கு இது வந்திருந்தால் போதுமே. உங்கள் சட்டை நனைந்ததைப் பார்த்தேன், கை நடுங்கியதைப் பார்த்தேன், புற்று என்று தெரியாவிட்டாலும் கேட்டிருக்கலாமே. எனக்குத் தெரியாது, அவர் சொல்லவில்லை என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். கேட்கிற ஆள் நான் இல்லை என்று தெரிந்துதானே நீங்கள் சொல்லவில்லை?

நாச்சாத்தாள் திரும்பி வரும்போது காரில் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். ரெண்டு நாள் கழித்து வேலந்தாவளத்திலிருந்து ஆள் வந்தது. இது ஒட்டுகிற நோயா என்று அவர்களும் ஒரு டாக்டரிடம் விசாரித்திருக்கிறார்கள். இல்லை என்றாராம். கல்யாணம் தை மாதத்தில். அதற்கு நான் இருப்பேனா என்று கேட்டால் ஒற்றப்பாலத்து டாக்டர் என்ன சொல்வார் என்று உங்களுக்கே தெரியும். விரலில் குத்துகிறார்கள், பார்க்கிறார்கள், ஊசி போடுகிறார்கள். போட்டுக்கொள்கிறேன். இருக்கிற வரைக்கும் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது.

உங்களுக்கு வாக்குக் கொடுக்கிறேன். என் கையால் இனி யார் இலையிலும் கேட்காமல் எதுவும் விழாது. சரசு கல்யாணப் பந்தியில் என் சின்னக் கிண்ணத்தோடு எல்லோரும் பார்க்க உட்காருவேன். உங்கள் பேத்தி வளர்ந்து, அப்புச்சி எப்படிச் செத்தார் என்று கேட்டால், காமாலை என்று சொல்ல மாட்டேன். நோயின் பெயரைச் சொல்வேன். அவர் உண்டதையும் சொல்வேன், வைத்தது யார் என்பதையும் சொல்வேன்.

மயிலாத்தாள் இதை வாசித்து முடித்ததும் உங்களுக்குப் படையல் இலை போடுவார்கள். பரிமாறுகிற உரிமையை உங்கள் வீட்டம்மாவிடம் கேட்டு வாங்கியிருக்கிறேன். ஒப்புட்டு இருக்கும், நெய் இருக்கும். தாம்பாளத்தை ஓரமாக வைத்துவிட்டு, உங்கள் இலைக்கு முன்னால் உட்கார்ந்து, முதலில் கேட்பேன். பதில் வராது என்று தெரியும். வருகிற மாதிரி காத்திருப்பேன்.

எவ்வளவு வைக்கட்டுமுங்க, சம்பந்தி?

இப்படிக்கு,
உங்கள் மயிலாத்தாளின் மாமனார்,
கேட்கக் கற்றுக்கொண்டிருக்கும் உங்கள் சம்பந்தி